இறக்காமத்து ஆள்

வலை இழுக்கிறவனுக்குப் பேஸ்புக் பார்க்க எங்கே நேரம் என்று யாராவது கேட்டால், அவர் சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். தோணி வளைத்துவிட்டு வந்த கரைவலை கரையேற இரண்டு மணித்தியாலம் எடுக்கும். வடக்குக் கயிற்றில் பதினைந்து பேர், தெற்குக் கயிற்றில் பதினைந்து பேர். தண்ணீருக்குள் நிற்பவன் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே பின்னுக்கு நடந்து, கரையிலுள்ள வாடிக் குடிசையடிக்கு வந்ததும் கையை விட்டுவிட்டு மறுபடி தண்ணீருக்குப் போக வேண்டும். அப்படித் திரும்பிப் போகிற முப்பது நாற்பது எட்டுத்தான் அவனுக்கு ஓய்வு. அந்த ஓய்வில்தான் உலகத்துப் பொய்யெல்லாம் அவனுடைய சாரன் மடிப்புக்குள் இருக்கிற ஃபோனுக்கு வந்து சேர்கிறது.

அன்றைக்கு ஓகஸ்ட் மாதத்துக் கச்சான் காற்று முதுகில் மணலை அள்ளி அடித்துக்கொண்டிருந்தது. றஸாக் கையை விட்டுவிட்டுத் திரும்பி நடக்கும்போது அஹ்ஸன் பக்கத்தில் வந்து ஃபோனை நீட்டினான்.

"காக்கா, இதப் பாருங்க. நம்மட படத்தப் போட்டிரிக்கானுகள்."

வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. றஸாக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். பள்ளிவாசல் முற்றத்தில் வரிசையாகக் கிடத்தப்பட்ட பதினொரு மையித்துகள். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய படம். அதற்கு மேலே சிவப்பு எழுத்தில், 'முஸ்லிம்கள் கொன்று குவித்த தமிழ் விவசாயிகள். முஸ்லிம்களின் பிரேதம் என்றால் வெள்ளைத் துணி எங்கே?' என்று எழுதியிருந்தது.

வரிசையில் மூன்றாவதாகக் கிடப்பது றஸாக்கின் வாப்பா மீராலெவ்வை. ஆறாவது அஹ்ஸனின் வாப்பா. அஹ்ஸன் பிறந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. வாப்பா என்று அவன் கண்டது அந்தப் படத்தை மட்டும்தான்.

"எழுத்து ஆர்ர மொகத்துக்கு மேல விழுந்திரிக்கி எண்டு பாத்தன். ஒங்கட வாப்பாட மொகத்துக்கு மேல," என்றான் அஹ்ஸன்.

ஆனால் றஸாக்கின் கண் வாப்பாவின் முகத்துக்குப் போகவில்லை. பக்கத்தில் நாலாவதாகக் கிடந்தவரின் சட்டையில் போய் நின்றது. அவர் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிக் கயிற்றைப் பிடித்தார்.

படத்தை வெளியே விட்டது வேறு யாருமில்லை, றஸாக்கின் மகள் றிபாதான். அவளைக் குறை சொல்லவும் முடியாது. பட்டம் முடித்துவிட்டு, நியமனம் வரும் வரும் என்று வீட்டில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருக்கிறவள். பத்து நாளைக்கு முதல் பெரிய பக்கமொன்றில் ஒருவன் எழுதியிருந்தான்: 'கொக்குமடு வட்டையில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள் என்பது நிவாரணத்துக்காகக் கட்டிய கதை. ஒரு படமாவது இருக்கிறதா?' றிபா அலுமாரியைத் திறந்து, அப்போது ஸ்டூடியோக்காரர் எடுத்து வீட்டுக்கொன்று கொடுத்த படத்தை எடுத்தாள். அவர்களை அடக்கிய மையவாடியில் பதித்திருக்கிற கல்லில் உள்ள பெயர்களோடு சேர்த்துப் போட்டாள். பத்துப் பெயர், பதினோராவதாக 'இறக்காமத்துச் சகோதரர் ஒருவர்'.

படமே இல்லை என்றவர்கள் இரண்டு நாளில் படம் எங்களுடையது என்றார்கள். முதல் பொய்யைச் சொன்னவன் வெட்கப்படுவான் என்று அவள் நினைத்திருக்கிறாள், பாவம். அவனுக்கு அடுத்த பொய்க்குப் படம் கிடைத்த சந்தோசம்.

மத்தியானம் றஸாக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது மைமூனா சோறும் கீரிமீன் ஆணமும் முருங்கையிலைச் சுண்டலும் வைத்தாள். றிபா ஃபோனைக் கீழே வைக்காமலே தகப்பனுக்கு முன்னால் வந்திருந்தாள்.

"வாப்பா, பதில் எழுதி எழுதி எனக்குக் கை ஓஞ்சி போச்சி. ஷஹீதானவங்களக் குளிப்பாட்டுறல்ல, வெள்ளக் கபன் துணி இடுறல்ல, மௌத்தான உடுப்போடதான் அடக்குற எண்டு நூறு தரம் எழுதிட்டன். சிரிக்கிற பொம்மயப் போட்டுட்டுப் போறானுகள்."

"எழுதாம உடு மகள்."

"உட்டா? ஒங்கட வாப்பாவ, எங்கட மூத்தப்பாவத் தமிழாள் எண்டுறானுகள். நம்மளக் கொன்டுட்டு, நம்மட மையித்தயும் களவெடுத்து, கொன்டது நாமதான் எண்டுறானுகள். இத உடச் செல்றீங்களா?"

"சோறு தின்ன உடு அந்த மனிசன," என்றாள் மைமூனா.

"தின்னட்டும் உம்மா. நான் கேக்கிறது ரெண்டு வசனம். வாப்பா கண்ணால கண்டவர். கபுறுக்குள்ள எறங்கி அடக்கினவர். வெள்ளிக்கிழம மையவாடில துஆ இரிக்கி. அதில நிண்டு, பதினொரு பேரும் எங்கட ஆக்கள்தான், நான்தான் மண் போட்ட எண்டு செல்லட்டும். நான் வீடியோ எடுத்துப் போடுறன். பள்ளித் தலைவர் ஷரிபுதீன் ஹாஜியாரும் நல்லம் எண்டுட்டார்."

றஸாக் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "பாப்பம்," என்று மட்டும் சொன்னார். அவர் 'பாப்பம்' என்றால் முடியாது என்று அர்த்தம். அது மைமூனாவுக்குத் தெரியும், றிபாவுக்குத் தெரியாது.

தொண்ணூறாம் ஆண்டு றஸாக்குக்குப் பதினேழு வயது. சிறுபோக வெள்ளாண்மை வெட்டுக்காகக் கொக்குமடு வயல் வட்டைக்கு ஊரிலிருந்து பத்துப் பேர் போயிருந்தார்கள். வயலில் காவலுக்கு இருந்தவர் பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவுத் தம்பிமுத்து. நாலு போகமாக மீராலெவ்வையும் அவரும் ஒரே வாடியில் படுத்து, ஒரே பானையில் சோறாக்கித் தின்றவர்கள். அந்தப் பத்துப் பேரோடு பதினோராவதாக றஸாக்கும் வெட்டுக்குப் போனவன்தான். அரிசி முடிந்துவிட்டது, போய் எடுத்து வா என்று வாப்பா அனுப்பியதால் உயிரோடு இருக்கிறான். அடுத்த நாள் விடியப்புறம் துவக்கோடு வந்தவர்கள் வாடியில் ஒருவரையும் மிச்சம் வைக்கவில்லை.

உழவு மெசின் பெட்டியில் மையித்துகள் வந்து சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு மணி. ஊரே பள்ளிவாசல் முற்றத்தில் நின்றது. வாடியில் நின்றது ஊராட்கள் பத்துப் பேர், பதினொரு மையித்து வந்திருக்கிறது. வெக்கையில் உடம்புகள் ஊதத் தொடங்கிவிட்டன. மௌலவி வந்து பார்த்துவிட்டு, இவர்கள் அநியாயமாகக் கொல்லப்பட்ட ஷுஹதாக்கள், குளிப்பாட்ட வேண்டாம், உடுத்த உடுப்போடு அடக்குங்கள் என்றார். குளிப்பாட்டியிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். சுன்னத்துச் செய்யாத உடம்பு என்று ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். குளிப்பாட்டாததால் யாரும் பார்க்கவில்லை.

"இது ஆருடா? நம்மட ஆள் இல்லயே," என்று கூட்டத்தில் ஒருவர் நாலாவது மையித்தைக் காட்டிக் கேட்டார்.

றஸாக்குக்கு யாரென்று தெரியும். அந்தக் கூட்டத்தையும் தெரியும். பெற்றவனையும் கூடப்பிறந்தவனையும் வரிசையில் கிடத்திவிட்டு நிற்கிற கூட்டம். பாதிப் பேருடைய கையில் பொல்லும் கத்தியும். அதில் போய், இது தமிழாள் என்று எப்படிச் சொல்வது? இழுத்து றோட்டில் போட்டுக் கொளுத்துவார்கள் என்று பயந்தான். வாப்பாவோடு ஒரே பானையில் தின்ற மனிசன் அல்லவா.

"இறக்காமத்து ஆள். வாப்பாவோட வேலைக்கு வந்தவர்," என்றான்.

அவ்வளவுதான். இறக்காமமும் முஸ்லிம் ஊர், மேலே யாரும் கேட்கவில்லை. நீளமாக ஒரே குழி வெட்டி அடக்கினார்கள். வாப்பாவுக்குப் பக்கத்தில் அவரை வைத்து மண் போட்டது றஸாக். பிறகு கலவரம், சாவு, அகதி முகாம். இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த றோட்டை யாரும் தாண்டாத காலம். அது முடிந்தபோது சொல்லியிருக்கலாம். சுனாமிக்குப் பிறகு ஊரே மாறியது, அப்போதும் சொல்லியிருக்கலாம். பள்ளி நிர்வாகம் கல் பதித்தபோது, இறக்காமத்தில் ஒருவரும் தேடி வரவில்லையே, பேர் என்னடா என்று கேட்டார்கள். மறந்துபோய்விட்டது என்றார். அந்த ஒரு பொய்யை அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அதைக் காப்பாற்றச் சொன்ன மற்றப் பொய்களை எந்தக் கணக்கில் போடுவது என்று அவருக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. நாற்பது வயது தாண்டிய பெண். நெற்றியில் திருநீறு. தோளில் ஒரு துணிப்பை. வகுப்புப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு நின்ற றிபாவைப் பார்த்து, "நீங்கதானே தங்கச்சி றிபா? நான் துஷாந்தினி. காரைதீவு. உங்களுக்கு மெசேஜ் போட்டனான். நீங்க புளொக் பண்ணிப்போட்டீங்க," என்றாள்.

றிபாவின் முகம் இறுகியது. "ஒரு நாளைக்கு எரநூறு பேர் மெசேஜ் போடுறாங்க. அரவாசி ஏச்சி. எல்லாரயும்தான் புளொக் பண்ணின."

"நான் ஏசுறதுக்கு வரல்ல தங்கச்சி. எங்கட அப்பாவக் கேட்டு வந்தன்."

மைமூனா வெளியே வந்து பார்த்துவிட்டு, "உள்ள வா புள்ள, வெயிலுக்க நிண்டு கதைக்காம," என்று கூட்டிப் போய் இருத்தினாள். தேத்தண்ணி வைத்தாள். வலையடியிலிருந்து வந்த றஸாக், முற்றத்தில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவர், அவளைக் கண்டதும் நிலையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். மூக்கும் தாடையும் தம்பிமுத்துவை உரித்து வைத்தது போல இருந்தன.

"காக்கா, அந்தப் படத்தில நாலாவதாக் கிடக்கிறவர்ர சட்டையப் பாருங்க. பை வலப்பக்கம் இரிக்கி. மற்ற ஆக்களுக்கெல்லாம் இடப்பக்கம். எங்கட அப்பா இடதுகைக்காரர். அவருக்கு எடுக்க லேசு எண்டு அம்மா வலப்பக்கம் பை வச்சித்தான் தைப்பா. படத்தத் திருப்பிப் போட்டிருக்காங்களோ எண்டும் பாத்தன். திருப்பல்ல."

அவள் துணிப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்பா கொக்குமடுவில காவலுக்கு இருந்தவர். அந்தக் கிழமையோட ஆளக் காணல்ல. அம்மா ஆமிக் காம்புக்கெல்லாம் போய்க் கேட்டுத் திரிஞ்சா. காணாமப் போன ஆக்கள்ற பட்டியல்ல பேர் இரிக்கி. எட்டுச் செலவு செய்யல்ல, முப்பத்தொண்டு செய்யல்ல, ஒரு திவசம் இல்ல. உயிரோட இருக்கிற மனிசனுக்குச் செய்யப்படாது எண்டுவா. இண்டைக்கும் பொட்டு வைக்கிறா. இப்ப மூணு மாசமாப் படுக்கையில. டொக்டர் வீட்டுக்குக் கொண்டு போங்க எண்டுட்டார்."

"இப்பிடி ஒராள் வரும் எண்டு எனக்குத் தெரியும்," என்றாள் றிபா. "மொதல்ல ஒண்டு எங்கட எண்டுறது, பிறகு எல்லாம் எங்கட எண்டுறது."

"தங்கச்சி, அந்த எழுத்தெல்லாம் நான் எழுதல்ல. உங்கட ஆக்களச் சுட்டது பொய் எண்டு நான் ஒருக்காலும் சொல்ல மாட்டன். அந்த மாசம் எங்கட பக்கமும் செத்தாங்க, அத இல்லெண்டு எழுதுறவனும் இரிக்கான்தானே. எனக்கு ஒண்டு தெரிஞ்சாக் காணும்." அவள் றஸாக்கைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கதான் அடக்கினீங்க எண்டு தங்கச்சி எழுதியிருந்தா. அது எங்கட அப்பாவா காக்கா?"

சொல்லிவிடலாம். ஒரு 'ஓம்' போதும். ஆனால் மகள் எதிரில் நிற்கிறாள். பத்து வருடமாகக் கல்லில் எழுதியிருக்கிறது. வாப்பாவின் முகத்துக்கு மேல் சிவப்பு எழுத்து விழுந்திருக்கிறது. வாய் பழகிய பாதையிலேயே போனது.

"அது இறக்காமத்து ஆள் தங்கச்சி. வாப்பாவோட வேலைக்கு வந்தவர்."

"பேர் என்ன காக்கா?"

"ஞாபகமில்ல."

துஷாந்தினி தேத்தண்ணியைக் கடைசி மிடறு வரை குடித்தாள். கோப்பையை மைமூனாவின் கையில் கொடுத்து, ஃபோன் நம்பரை ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டு, "ஞாபகம் வந்தா எடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்கூட்டிச் சத்தம் ஓயும் வரை மைமூனா பொறுத்திருந்தாள்.

"அந்தப் புள்ளட மொகத்தப் பாக்காம ஏன் கதைச்ச நீங்க?"

றஸாக் நிலத்தில் குந்தினார். ஐம்பத்திரண்டு வயது மனிசன் அழுதால் பார்க்க நன்றாக இராது. அழுதார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மைமூனா தலையில் அடித்துக்கொண்டாள். றிபா சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் எழுதினதும் பொய்," என்றாள் றிபா. சுவரை விட்டு விலகி வந்து, "இருந்தாலும் இப்ப செல்ல ஏலா வாப்பா. ஒண்டு தமிழ் எண்டு நம்மட வாயால வந்தா, பதினொண்டும் தமிழ் எண்டுதான் எழுதுவானுகள். மூத்தப்பா இல்லாமப் போயிருவார்."

"அப்ப தெரிஞ்சிக்கிட்டே இல்லெண்டு செல்லணுமா? அவனுகளும் அதத்தானே மகள் செய்றானுகள்," என்றார் றஸாக்.

அதற்குப் பதில் ஷரிபுதீன் ஹாஜியாரிடம் இருந்தது. அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி நிர்வாகத் தலைவரான அவரிடம் போய் றஸாக் சொன்னபோது, அவர் தாடியைத் தடவிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். கெட்ட மனிசனில்லை. அந்தக் குழியில் அவருடைய மச்சானும் இருக்கிறார்.

"நீ சின்னப் புள்ளயா இருந்து செஞ்சது பெரிய காரியம். அல்லாஹ் கூலி தருவான். ஆனா இப்ப வாயத் தொறக்காத. நாம மறைக்கல்ல றஸாக், பிற்போடுறம்."

"எது வரைக்கும் ஹாஜியார்?"

"நெலம சரியாகும் வரைக்கும்."

"முப்பத்தஞ்சி வருஷமா நானும் அதத்தான் செஞ்ச," என்றார் றஸாக்.

வியாழக்கிழமை வலைக்குப் போகவில்லை. துண்டில் இருந்த நம்பரைத் தானே அடித்துக் கதைத்துவிட்டு உடுப்பு மாற்றினார். றிபாவும் ஹிஜாபைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"நானும் வாறன். முழுக்க வீடியோ எடுத்து வச்சிக்கிறன். நாளைக்கு நீங்க செல்லாதத எல்லாம் செல்லின எண்டுவாங்க."

காரைதீவு வீட்டில் வைத்து, வீடியோ எடுக்கத் துஷாந்தினியிடம் றிபா அனுமதி கேட்டாள். துஷாந்தினி தாயைப் பார்த்தாள், பிறகு சரி என்று தலையாட்டினாள். தாய் அறைக்குள் பாயில் கிடந்தார். உடம்பில் எலும்பும் கண்ணும்தான் மிச்சம். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"ஆரு புள்ள?"

"சாய்ந்தமருதால அம்மா. அப்பாவோட இருந்த மீராலெவ்வைக் காக்காட மகன்."

"மீராலெவ்வைக் காக்காட மகனா? வா மகன், இரி. உன்ர வாப்பா எனக்கு மூணு மரைக்கால் நெல்லு அனுப்பினவர் ஒருக்கா."

றஸாக் பாய்க்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். மாற்றாமல் கூட்டாமல் சொன்னார். வெட்டுக்குப் போன பத்துப் பேரின் பெயரையும் சொன்னார். அவர்கள் பத்துப் பேரும் முஸ்லிம் ஆட்கள், துவக்கோடு வந்தவர்கள் வாடிக்குள் வைத்துச் சுட்டார்கள் என்றார். "அவங்களோட கெடந்த நாலாவது ஆள் ஒங்கட மனிசன் அம்மா. அவர் முஸ்லிம் இல்ல, தமிழாள். இறக்காமத்து ஆள் எண்டு பொய் செல்லி அடக்கினது நான்தான்."

கிழவி கண்ணை மூடவில்லை, அழவுமில்லை.

"அவர ஏன் மகன் சுட்டாங்க? தமிழாள்தானே."

"தெரியா அம்மா. கண்டு செல்ல ஒராளும் மிச்சமில்ல."

"குளிப்பாட்டினீங்களா?"

"ஒராளயும் குளிப்பாட்டல்ல அம்மா. எங்கட வாப்பாவயும்தான்."

"ஆரு மண் போட்ட?"

"நான்தான். வாப்பாக்குப் பக்கத்தில வச்சி, ரெண்டு பேருக்கும் நான்தான் போட்ட."

வெளியே யாரோ தேங்காய் உரித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. கிழவி கையை நீட்டி றஸாக்கின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நடந்து வாற ஒரு கட்டைத் தூரம். முப்பத்தஞ்சி வருஷம். வந்து சொல்ல ஏலாமப் போச்சா மகன்?"

"மொதல்ல பயம் அம்மா. பிறகு வெக்கம்."

கிழவி கையை விட்டார். சேலைத் தலைப்பை எடுத்து நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தார். ஒரு தரம் துடைத்தும் போகவில்லை. மறுபடி துடைத்தார். "துஷா, கிணத்தில ரெண்டு வாளி அள்ளி வை. நான் முழுகணும்," என்றார். றிபா ஃபோனைத் தாழ்த்திவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

வீடு திரும்பி, மஃரிப் தொழுகைக்குப் பிறகு றிபா பத்தொன்பது நிமிட வீடியோவையும் ஒரு இடம் வெட்டாமல் போட்டாள். தன்னுடைய பழைய பதிவில் ஒரு ஆளைப் பற்றி எழுதியது பிழை என்றும் எழுதினாள். முழுவதையும் கேட்கிறவன் எப்படிப் பொய் சொல்லுவான் என்று நினைத்திருக்கிறாள். இரண்டாவது தரமும் அதே பிழை. முழுவதையும் யார் கேட்டான்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிவதற்கு முதலே எட்டு விநாடித் துண்டொன்று ஓடத் தொடங்கிவிட்டது. 'அவர் முஸ்லிம் இல்ல, தமிழாள். இறக்காமத்து ஆள் எண்டு பொய் செல்லி அடக்கினது நான்தான்.' மேலே சிவப்பு எழுத்து: 'முஸ்லிம் முதியவரின் வாக்குமூலம். பதினொருவரும் தமிழரே.' ஐம்பத்திரண்டு வயதில் அவரை முதியவராக்கினதும் அவர்கள்தான். இந்தப் பக்கத்து முஸ்லிம்களில் இன்னொருவன், எவ்வளவு வாங்கினான் இந்தத் துரோகி என்று எழுதினான். துஷாந்தினி தன் சொந்தப் பெயரில், 'எங்கள் அப்பா மட்டும்தான் தமிழர், மற்றப் பத்துப் பேரும் முஸ்லிம்கள், அவர்களைக் கொன்றது உண்மை' என்று போய்ப் போய் எழுதினாள். அவளுடைய ஆட்களே அவளை எழுதக் கூசுகிற பெயரெல்லாம் சொல்லி ஏசினார்கள். பின்னேரம் மையவாடியில் துஆ நடந்தது. ஹாஜியார் பத்துப் பெயரை வாசித்துவிட்டு நிறுத்தினார். றஸாக் பின்வரிசையில் நின்றார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஆள் இடம் காலியாக இருந்தது.

சனிக்கிழமை விடியற்காலை வழமை போல வலைக்குப் போனார். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோணி வளைத்துவிட்டு வந்தது, கயிறு கரைக்கு வந்தது, எல்லோரும் இழுத்தார்கள். மூன்றாவது தரம் கையை விட்டுவிட்டு நடக்கும்போது அஹ்ஸன் பக்கத்தில் வந்தான். ஃபோனை எடுக்கவில்லை.

"காக்கா, நேத்துக் கபுறடிக்குப் போனன். ஓத நெனச்சன், வாய் வரல்ல. ஆருக்கு ஓதுறன் எண்டு தெரியல்ல."

"என்னடா செல்றாய்? ஒங்கட வாப்பாக்கு."

"அவர் அதுக்குள்ள இரிக்காரா?"

றஸாக் நின்றுவிட்டார். "நீ முழு வீடியோவப் பாக்கல்லயா?"

"பாத்தன். ரெண்டு தரம் பாத்தன். அதுக்குப் பிறகுதான் கேக்கிறன். அந்தப் பேஸ்புக்குக்காரனுகள் செல்றத நான் நம்பல்ல. ஆனா ஒராள முப்பத்தஞ்சி வருஷம் மாத்திச் செல்லியிரிக்கீங்க. மத்த ஆள மாத்தல்ல எண்டு நான் எதப் புடிச்சி நம்புற? எனக்குப் பாத்துத் தெரிய நான் அந்த வாப்பாவக் கண்டனா?"

"ஒங்க உம்மா கண்டவ."

"உம்மாவ ஆரு காட்டின? வயித்துப் புள்ளக்காரி எண்டு வீட்டுக்குள்ள வச்சிப் பூட்டினாங்க. நீங்க வந்து செல்லின. அதான் அவக்குத் தெரியும். அத அவ எனக்குச் செல்லித் தந்தா. படத்தில ஆறாவது எண்டதும் நீங்க செல்லினதுதான். ஊதிப்போன மொகத்தில ஊரும் நீங்க செல்லினதத்தான் நம்பினது."

றஸாக் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னார். தகப்பனைக் காணாத பிள்ளைக்குச் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது. அஹ்ஸனின் வாப்பா பச்சை பெல்ட் கட்டியிருந்தார். வலது காதுக்குப் பின்னால் வெடி. வாய் திறந்திருந்தது, மேல் பல்லில் ஒன்று உடைந்தது, அது முந்தியே உடைந்த பல். கையில் அரிவாள் பிடித்த தழும்பு. கபுறுக்குள் இறக்கும்போது தலையைப் பிடித்தது றஸாக், காலைப் பிடித்தது ஷரிபுதீன் ஹாஜியாரின் தம்பி, அவரும் சுனாமியில் மௌத்து. முகம் தொழும் திசையான கிப்லாப் பக்கம் திரும்பவில்லை, ஈர மண்ணை உருட்டி முதுகுக்கு அண்டை கொடுத்துத் திருப்பினார்கள்.

அஹ்ஸன் ஒரு சொல் விடாமல் கேட்டான். கண் கலங்கியிருந்தது. அவன் பிறந்த நாளிலிருந்து கேட்க ஆசைப்பட்ட கதை அது.

"நல்லாச் செல்றீங்க காக்கா," என்றான். "ஆனா இதுவும் நீங்க செல்றதுதானே."

"கை விடாதீங்கடா, வல நிக்கிது," என்று தோணியில் நின்றவர் சத்தம் போட்டார். அஹ்ஸன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, இத்தனை நாளும் றஸாக்கோடு இழுத்த வடக்குக் கயிற்றைத் தாண்டி, தெற்குக் கயிற்றுக்குப் போய் அங்கே நின்றவர்களோடு சேர்ந்து இழுக்கத் தொடங்கினான்.